தேதி போடாத முகம்

செப்டம்பர் 9

பயிற்சி நிலைய நிர்வாகி அவர்களுக்கு,

பொருள்: தங்கள் நிலையத்தின் போஸ்டர்களை மின்கம்பங்களிலிருந்து அகற்ற இசைவு கோருதல்.

அக்கா, மேலே உள்ளது எங்கள் குழுவின் கண்டக்டர் சொல்லி எழுதியது. கீழே வருவது நான் எழுதுவது. மூன்று வருடம் கழித்து எழுதுவதால் சமாதானத்துக்கு வருகிறான் என்று எண்ணிவிடாதே. எனக்கு வேண்டியது உன் கையெழுத்து, அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்கலாமே என்பாய். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், கையெழுத்து மட்டும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் பதினோரு பேர் தெருக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் பழைய போஸ்டர்களைச் சுரண்டுகிறோம். யாரும் கூலி தருவதில்லை. குழுவை நடத்துபவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். அவரைத்தான் கண்டக்டர் என்றேன். இதைத் தொடங்கி வைத்தது ஒரு லைன்மேன். ஒவ்வொரு கம்பத்திலும் நெஞ்சு உயரத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். எங்கே கம்பி அறுந்தது என்று மக்கள் சொல்வதும் இவர் தேடிப் போவதும் அந்த எண்ணை வைத்துத்தான். விரற்கடை தடிமனுக்குப் போஸ்டர் ஏறிவிட்டால் எண் எங்கே தெரியும்? ஒரு மழை நாளில் ஒன்றரை மணி நேரம் கம்பம் கம்பமாக ஓடியிருக்கிறார் மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனி ஆளாகச் சுரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போன வாரம் பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு. 418ஆம் கம்பம். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கீழிருந்து மேலாகச் சுரண்டும் தகட்டைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு மெத்தை விற்பனை உரிந்தது. பக்கத்தில் ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். எவனோ சந்தோஷமான ஆசாமி என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், நான். ‘இருபது ஆண்டு அனுபவம் மிக்க எங்கள் கணித ஆசிரியர்.’ பசைகூடச் சரியாகக் காயவில்லை. அந்தத் தெருவில் மட்டும் பதினான்கு கம்பங்களில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சுரண்டப் போனேன். கண்டக்டர் கையைப் பிடித்துவிட்டார். எங்கள் குழுவில் ஒரே ஒரு விதிதான். தேதி முடிந்ததை எடுப்போம், முடியாததைத் தொடமாட்டோம். தேதியே இல்லாததை, ஒட்டியவரிடம் எழுதி வாங்கிய பிறகே எடுப்போம். ஒருமுறை ‘அறை வாடகைக்கு’ என்ற துண்டுக் காகிதத்தைக் கிழித்துவிட்டோம். மறுநாள் ஒரு கிழவர் வந்து வெறும் கம்பத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு வந்த விதி இது.

“என் முகம் சார் இது” என்றேன்.

“முகம் உங்களோடதா இருக்கலாம் சார். போஸ்டர் உங்களோடது இல்லையே” என்றார்.

ஒட்டியவள் நீ. ஆகவே படிவம் இணைத்திருக்கிறேன். கீழே வலப்பக்கம் கையெழுத்து. தபால் தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் கணித ஆசிரியர்


செப்டம்பர் 17

அன்புள்ள வக்கீலுக்கு,

ஒன்பது வயதில் நாங்கள் வைத்த பெயர் உனக்கு இன்னும் பொருந்துகிறது. உறையைப் பார்த்ததும் உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன். பிரித்தால் பொருள், படிவம், இணைப்பு. மூன்று வருடமாக ஒரு வார்த்தை இல்லாதவன், எழுதியதும் எழுதினாய், மனு எழுதினாய்.

அக்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி? முழங்கால் வலி என்ன ஆயிற்று? ஒன்றும் இல்லை. கம்பத்தின் உடம்புக்கு என்ன என்று மட்டும் இரண்டு பத்தி.

கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் சொல்கிறேன். அந்தப் போஸ்டரில் என்ன பொய்? இருபது வருட அனுபவம் உனக்கு இல்லையா? அதில் பதினொன்று என் கூரைக்குக் கீழே வந்தது. ‘எங்கள் கணித ஆசிரியர்’ என்றால் நீ எங்கள் ஆள் இல்லையா? நான் உன்னை வேலையை விட்டு நீக்கியதாக ஒரு காகிதம் காட்டு. உன்னால் முடியாது. நீயாக எழுந்து போனாய், சாவியை மேசையில் வீசிவிட்டு. அது உருண்டு அலமாரிக்கு அடியில் போய், நான் குனிந்து எடுத்தேன்.

படித்தவன், முதுகலைப் பட்டம் வாங்கியவன், ஞாயிற்றுக்கிழமை தெருவில் காகிதம் பொறுக்குகிறான் என்று உன் அத்தான் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை.

தண்ணீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை என்று கேள்விப்பட்டேன். உனக்கு ஏற்ற வேலைதான். ஊரார் புகாரையாவது காது கொடுத்துக் கேட்கிறாயே.

நேரில் வா. வந்து கேள். யோசிக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 24

அக்கா,

முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ நீக்கவில்லைதான். அதைவிடப் பெரிய காரியம் செய்தாய். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தேர்வு முடிவு விழா. முந்நூறு பெற்றோர். மேடைக்குப் பின்னால் ஒன்பது பிள்ளைகளின் படம், ‘எங்கள் சாதனையாளர்கள்’ என்று. அந்த ஒன்பதில் நான்கு பேர் நம் வகுப்பறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அறியாதவர்கள். அத்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்துப் படம் வாங்கி வந்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்து அந்த நான்கு பேர்களையும் வாசித்தேன். இவர்களை நான் பார்த்ததே இல்லை என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

நீ எழுந்து வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாய். அத்தான் வாங்கியிருந்தால் எனக்கு வலித்திருக்காது. அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. நீ வாங்கி, முந்நூறு பேருக்கும் கேட்கும்படி, “என் தம்பிக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல, தப்பா நினைச்சுக்காதீங்க” என்றாய். எல்லாரும் ‘ஐயோ பாவம்’ என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், திருடன் என்று சொல்லியிருக்கலாம். பதில் பேசியிருப்பேன். உடம்பு சரியில்லாதவன் என்ன பதில் பேசினாலும் அது நோயில்தானே சேரும்?

இப்போது காகிதம் பொறுக்குகிறவன் என்கிறாய். சரி, பொறுக்குகிறோம். ஆனால் எங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உன் கணவருக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். போன மாதம் ஒரு மெத்தைக் கடைக்காரன், நாங்கள் சுத்தம் செய்த கம்பங்களிலேயே, ‘சுரண்டுகிறவர்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி’ என்று எங்களைக் கேலி செய்து ஒட்டினான். கீழே தேதி போட்டிருந்தான், இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்தொன்பது நாளும் அதைக் கடந்து நடந்தோம். இருபதாம் நாள் காலை எடுத்தோம். தேதி மட்டும் உயிரோடு இருந்தால், கண்டக்டரைப் பெற்றவளே வந்து கிழி என்றாலும் கிழிக்க மாட்டார். இந்த நேர்மையில் கால்வாசி உங்கள் நிலையத்தில் இருந்திருந்தால் நான் சாவியை வீசியிருக்க மாட்டேன்.

நேரில் வரமாட்டேன். படிவம் தொலைந்திருந்தால் இன்னொன்று இணைத்திருக்கிறேன்.

தம்பி


அக்டோபர் 3

தம்பி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கையெழுத்துப் போட்டுப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நிபந்தனை ஒன்றும் கிடையாது. ஒட்டியிருப்பது மொத்தம் எழுபத்தாறு கம்பங்கள். தெருப் பட்டியலை உனக்குச் சிரமம் வேண்டாம் என்று அலுவலகப் பெண்ணிடம் எழுதி வாங்கினேன்.

நிதானமாகச் சுரண்டு. கையுறை போட்டுக்கொள். அந்தப் பசையில் துத்தம் கலக்கிறார்கள், தோல் உரியும்.

முழங்கால் பரவாயில்லை.

அக்கா


நவம்பர் 5

அக்கா,

நீ ஜெயித்தாய். வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், அந்தத் திருப்தியும் உனக்கே கிடைக்கட்டும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். எழுபத்தாறு கம்பங்கள். மற்றவர்களைத் தொடவிடவில்லை. ஒவ்வொன்றையும் நானே எடுத்தேன். கண்ணில் ஆரம்பித்து எடுத்தேன், நெற்றியில் ஆரம்பித்து எடுத்தேன், சில இடங்களில் சிரிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். நோட்டில் எங்கள் குழுவின் நர்ஸ் அம்மா கம்ப எண்ணோடு எழுதிக்கொண்டே வந்தார்: ‘418, சார் ஒன்று. 419, சார் ஒன்று.’ கடைசிக் கம்பம் முடிந்ததும் லைன்மேன் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பல நாள் கழித்து ஒரு வாய் தேநீர் ருசித்தது.

இன்று அதே பணிமனைத் தெரு. 418இல் நான் மறுபடியும் சிரிக்கிறேன். முன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக. பல் எண்ணலாம். கீழே, தலைப்பைவிடக் கொட்டை எழுத்தில்: ‘சேர்க்கை மார்ச் 31 வரை.’

நான் எழுதிய விதியை எனக்கே திருப்பி ஒட்டியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன் என்றாயே, பாசத்தில் படித்தாய் என்று நினைத்த மடையன் நான்.

கண்டக்டர் தேதியை விரல் வைத்துப் படித்தார். “சார், இது செல்லுபடியாகிற டிக்கெட்டு” என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். நர்ஸ் அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். நான் தகட்டை ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை. “எடுங்க. எடுத்துட்டு, தகட்டை நர்ஸ் அம்மாகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

கையை இறக்கினேன். உனக்குப் பயந்து இல்லை. அந்தப் பத்துப் பேரையும் விட்டால் ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு எனக்கு என் சுவர்தான் உண்டு.

ஆனால் ஒன்று. ஒரு மனிதனின் முகத்தை இரண்டாம் முறையும் கேட்காமல் எடுத்திருக்கிறாய். முதல்முறை தெரியாமல் செய்தாய் என்றாவது வைத்துக்கொள்ளலாம். மார்ச் 31 வரை தினமும் வேலைக்குப் போகும் வழியில் எனக்கு நானே வணக்கம் சொல்லிக்கொண்டு போகவேண்டும். செய்கிறேன். தலையைக் குனிந்து போவேன் என்று நினைக்காதே. நிமிர்ந்து, அந்த முகத்தை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

தம்பி


நவம்பர் 10

தம்பி,

சிரித்தேன். மறைக்கவில்லை. பத்துப் பேர் சிரித்தார்கள் என்று படித்ததும் பதினோராவதாக நானும் சிரித்தேன். பிறகு ‘சுவர்’ என்ற இடம் வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

உண்மை கேட்பவன் நீ, கேட்டுக்கொள். நீ போன பிறகு சேர்க்கை பாதியாகிவிட்டது. வாசலில் ஏறும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் முதலில் கேட்பது “கணக்கு சார் இருக்காரா?” என்றுதான். முதல்நாள் வாய் தவறி “லீவில் இருக்கார்” என்றேன். மறுநாளும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று வருடமாக நீ லீவில் இருக்கிறாய். ஆசிரியர் அறையில் உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. புதிதாக வந்த கணித ஆசிரியர் நல்ல பையன், முக்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறான். உனக்கு இதில் மோசடி மட்டும்தான் தெரியும். தெரியட்டும்.

ஒலிவாங்கிக்கு வருகிறேன். அன்று நான் சொன்னது தவறு. எழுதிவிட்டேன், வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள். ஆனால் நீ செய்தது? அந்தப் படங்கள் அந்த வருடம்தான் முதல்முறை வந்தனவா? அதற்கு முந்தைய வருடம் மூன்று, அதற்கும் முந்தைய வருடம் இரண்டு. நீ அந்தப் போஸ்டர்களைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனாய். அவற்றில் உன் படமும் இருந்தது, இதே சிரிப்போடு. அப்போதெல்லாம் ஒலிவாங்கி உன் கண்ணில் படவில்லை. மூன்றாம் வருடம் நீ கண்விழித்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணின் படத்தை எடுத்துவிட்டு வெளிப் பிள்ளையின் படத்தை வைத்தார் உன் அத்தான். அன்றைக்குத்தான் உனக்கு நியாயம் ஞாபகம் வந்தது.

வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தட்டில் சோறு போட்டுக்கொண்டு எதிரில்தானே தினமும் உட்கார்ந்தேன். முந்நூறு பேருக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை.

போஸ்டர் மார்ச் 31 வரை இருக்கும்.

அக்கா


நவம்பர் 21

அக்கா,

பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. எழுத வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே போனேன் என்கிறாய். போனேன். அந்தப் பெண்ணின் படம் நீக்கப்பட்ட பிறகுதான் வாய் திறந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஒப்புக்கொள்வது ஒருமுறைதான், நானும் உன்னைப்போல.

இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அதன் பிறகு என் முடிவு.

பழைய நீதிமன்றச் சந்தில் வேலை. நான் ஒரு குளிர்பானப் போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கம்பத்தில் உன் தயவில் நான். கழுத்தில் அளவு நாடா தொங்க ஓர் அம்மாள் அந்தப் பக்கம் வந்தார். அங்கேயே தையல் கடை வைத்திருக்கிறாராம். என்னைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே கணக்கு சார்? உடம்பு தேவலையா? லீவு எப்ப முடியுது?”

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை அம்மா, நான் அங்கே வேலை செய்யவில்லை, மூன்று வருடம் ஆயிற்று, என் படத்தை என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் என் பக்கம் நின்று உன்னைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். மகள் கடைசி வகுப்பாம். கணக்கு என்றால் நடுங்குவாளாம். இந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் சொல்லிக்கொடுத்தால் பயம் போகும் என்று செப்டம்பரில் சேர்த்தாராம். இரண்டு மாதமாக, சார் வந்துவிடுவார், சார் வந்துவிடுவார் என்று மகளைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

பிறகு சொன்னார்: “உங்க அக்காவை எனக்குத் தெரியாதுங்க. உங்க சண்டையும் எனக்கு வேணாம். என்னை ஏமாத்தினது உங்க முகந்தான்.”

சொல்லிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். சந்து முழுக்க அந்த மிஷின் சத்தம். என்னால் அந்தக் குளிர்பானப் போஸ்டரை அதற்கு மேல் சுரண்ட முடியவில்லை. கண்டக்டர் வந்து மிச்சத்தை முடித்தார்.

ஆக, முடிவு. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பெடுக்க வருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. உன் போஸ்டர் கொடுத்த அனுமதி மார்ச் 31 வரை செல்லுபடியாகும், அதை எடுக்க எனக்கு உரிமை இல்லாததுபோல மறுக்க உனக்கும் உரிமை இல்லை. அலுவலக வேலை ஒன்பதரைக்குத்தான், நேரம் இருக்கிறது. சம்பளம் வேண்டாம். நாற்காலியும் வேண்டாம், அதில் அந்தப் பையன் உட்காரட்டும். அத்தானோடு பேச மாட்டேன். உன்னோடும் பேச மாட்டேன். முதல் வகுப்பில் முதல் வார்த்தையாக எனக்கு எந்த நோயும் இருந்ததில்லை என்று சொல்வேன். அந்த நான்கு படங்களைப் பற்றி எந்தப் பிள்ளை கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் கதவைப் பூட்டிக்கொள். வாசலில் நின்று நடத்துவேன். எனக்கு இப்போது தெருவில் நின்று வேலை செய்து பழக்கம்.

கம்பத்தில் இருக்கிறவன் பொய்யனாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். இதில் உனக்கு ஒரு பங்கும் இல்லை.

தம்பி


டிசம்பர் 12

தம்பி,

இதை உன் வருகைப் பதிவேட்டுக்குள் வைக்கிறேன். ஒரே கட்டடத்தில், இருபது அடி தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதிக்கொள்ளும் குடும்பம் உலகத்தில் நாம் ஒன்றுதான் இருப்போம். நேற்று மாடிப்படியில் எதிரே வந்தாய். இடித்துவிடாமல் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிட்டாய், போஸ்டர் மாதிரி. ஒரு ‘என்ன’ கேட்டால் என்ன குறைந்துவிடும்?

உன் முதல் வகுப்பை நான் வெளியே நின்று கேட்டேன். “எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் கோவிச்சுக்கிட்டுப் போனேன்” என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். கோபித்துக்கொண்டு போனேன் என்று நீ உன் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. நீக்கினாள் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

அந்த நான்கு படங்கள் பற்றி ஒரு பையன் கேட்டதும் சொல்லிவிட்டாய். அன்று மாலையே இரண்டு பெற்றோர் வந்து பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். உன் அத்தான் கத்திய கத்தலில் பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உன்னை நாளைக்கே வெளியே தள்ளு என்றார். “போஸ்டர்ல தேதி போட்டிருக்கே” என்றேன். உன் விதி எனக்கும் ஒருமுறை உதவியது.

இந்த வருடத்துக்கும் வெளிப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில் பேசி வைத்திருக்கிறார். என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் நம் பிள்ளைகள் யார் தேறுகிறார்களோ அவர்கள்தான், மூன்று பேர் தேறினால் மூன்று படம். போஸ்டரில் பாதி இடம் வெற்றாகக் கிடக்கும் என்றார். கிடக்கட்டும் என்றேன். நான்கு நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்குப் பேசாத ஆண்பிள்ளைகளோடு வாழ்ந்து பழகிவிட்டது.

உனக்காகச் செய்யவில்லை. நீ எனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தெரிந்துகொள்.

தையற்காரம்மாவின் மகள் நேற்று கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாள். விடை தவறு. ஆனால் கை நடுங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

தேர்வு முடிந்தது. தையற்காரம்மாவின் மகள் தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவள், ஆறாவது கேள்வியை விட்டுவிட்டேன், மற்றதெல்லாம் எழுதினேன், அழவில்லை என்றாள். அவள் அம்மா என்னிடம் நன்றி சொல்லவில்லை. என் சட்டையைப் பார்த்து, காலர் நைந்திருக்கிறது, கடைக்கு வாங்க, திருப்பித் தைத்துத் தருகிறேன் என்றார்.

நேற்று ஏப்ரல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்தது. காலை ஆறு மணிக்கு 418க்குப் போனேன். கண்டக்டர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். தேதியை விரல் வைத்துப் படித்தார். “முடிஞ்சிருச்சு சார். இப்ப எடுங்க” என்றார். பதினோரு பேரும் தெருத் தெருவாகப் பிரிந்துகொண்டோம். மதியத்துக்குள் இந்த ஊரில் என் முகம் என் கழுத்துக்கு மேலே மட்டும்தான் இருந்தது. நீ அலுவலகப் பெண்ணை விட்டு ஒன்றிரண்டை ஒளித்து ஒட்டியிருந்தால் அதையும் கண்டுபிடிப்போம். லைன்மேனுக்கு எல்லாக் கம்பமும் தெரியும்.

நான்கு மாதம் உன் கட்டடத்தில் இருந்தும் உன்னோடு பேசவில்லை. பேசக் கூடாது என்று இருந்தேன், பேசாமலே இருந்தேன். பல நாள் உன் அறை வாசலில் செருப்பைக் கழற்றும் அளவுக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நீ கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். நீயும் கூப்பிடவில்லை. நம் இருவருக்கும் ஒரே அம்மாதான், சந்தேகமே இல்லை.

நீ கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். சோறு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்குச் சொல்வது எளிது. அன்று மேடையில் எனக்கு இருந்தது வீரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓடி வராதே. ஒலிவாங்கியை நீ பிடுங்கியது எனக்கு இன்னும் இங்கே, தொண்டைக்குக் கீழே இருக்கிறது. அது போகாது. போகவும் விடமாட்டேன்.

ஜூனில் புதுச் சேர்க்கை ஆரம்பிப்பாய். பழைய அச்சுத் தகடு இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று அத்தான் சொல்வார். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒட்டினால், தேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழுவை விட்டு விலகிவிட்டுத் தனி ஆளாக வந்து கிழிப்பேன். கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். வேறொருவர் போஸ்டரைத் தொடாத வரைக்கும் சுரண்டும் தகட்டைத் திருப்பித் தரவேண்டாம் என்றார்.

மறுபடியும் என் முகம் வேண்டுமென்றால், அக்கா, என்னைக் கேள். வீட்டு எண் உனக்குத் தெரியும். கதவைத் தட்டி, நின்று, வாயைத் திறந்து கேள். முடியாது என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பாவது கொடு.

தம்பி